அவரிடம் ‘கியூர்’ இருக்கிறது

அயர்லாந்தின் லீட்ரிம் மாவட்டத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சமையலறையில் கொதிநீர் தெறித்து அவர் மணிக்கட்டில் கொப்புளம் வந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் வயதான அம்மா அதைப் பார்த்துவிட்டு, “மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார். தீக்காயத்துக்கு அவரிடம் கியூர் இருக்கிறது, போய் வா. காசு கொடுக்காதே, நன்றியும் சொல்லிவிடாதே” என்றாராம். இது மருந்தா, மந்திரமா? போகலாமா? சின்னச் சின்ன நோய்களுக்கு இவர்களிடம் இதுபோல வேறு என்னென்ன இருக்கின்றன? இதுதான் கேள்வி.

முதலில் கை. பக்கத்து ராஸ்காமனில் பல வருடங்களாக மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருப்பவன் நான். இதைச் சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது. கொதிநீர் பட்டால் உடனே குழாயடியில் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தக் கூடாது. காயம் பெரிதாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ, விரலை மடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இதெல்லாம் செய்தாகிவிட்டது என்றால் மலைக்கு அந்தப் பக்கம் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

‘கியூர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குணமாக்கும் மருந்து என்று பொருள். அயர்லாந்துக் கிராமத்தில் அதை வேறு பொருளில் புழங்குகிறார்கள். அங்கே கியூர் என்பது ஒருவரிடம் இருக்கும் ஒன்று. நிலம் போல, குடும்பப் பெயர் போல. ஐரிஷ் மொழியில் குணப்படுத்தலுக்கு ‘லைஸ்’ என்று பெயர். அந்த மொழியில் ஒன்றை ‘உடையவர்’ என்று சொல்ல ஆங்கிலத்தில் இருப்பது போன்ற வினைச்சொல் கிடையாது. தமிழில் நாம் சொல்வது போலவே “அவரிடம் இருக்கிறது” என்றுதான் சொல்வார்கள். அதனால் உங்களோடு வேலை பார்க்கும் அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னதை நீங்கள் தமிழில் நினைத்துப் பார்த்தால் சரியான இடத்துக்கு வந்துவிடுவீர்கள். நாம் ஒரு வைத்தியருக்குக் ‘கைராசி’ இருக்கிறது என்போமே, கிட்டத்தட்ட அது. ஆனால் கைராசி எல்லா நோய்க்கும் பொது. ஐரிஷ் கியூர் ஒரு நோய்க்கு மட்டும். தீக்காயத்துக்கு இருப்பவரிடம் அக்கிக்கு இருக்காது. படர்தாமரைக்கு ஒரு வீடு, சுளுக்குக்கு இன்னொரு வீடு, மஞ்சள் காமாலைக்குப் பக்கத்து ஊர். யாரிடம் எது இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். விளம்பரம் கிடையாது, பலகை கிடையாது.

ஒருவரிடம் அது எப்படி வருகிறது என்பதுதான் இதில் மிகச் சுவையான பகுதி. நடுவில் பெண் பிறக்காமல் ஏழாவதாகப் பிறந்த ஆண் பிள்ளையிடம் கியூர் இருக்கும். அவனுடைய அப்பாவும் ஏழாவது பிள்ளையாக இருந்துவிட்டால் இன்னும் வலு. பிறப்பதற்கு முன்பே அப்பாவை இழந்த பிள்ளைக்குக் குழந்தைகளின் வாயில் வரும் வெள்ளைப் புண்ணைக் குணமாக்கும் மூச்சு இருக்கும். அவர் வந்து குழந்தையின் வாயில் ஊத வேண்டும். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஒரே குடும்பப் பெயர் அமைந்துவிட்ட பெண்ணிடம் கக்குவான் இருமலுக்குக் கியூர் இருக்கும். அவள் வீட்டு ரொட்டியைக் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்தால் போதும். சில குடும்பங்களில் அது ரத்தத்திலேயே ஓடுவதாக நம்பினார்கள். கேஹில் என்ற குடும்பப் பெயர் உள்ளவரின் ஒரு சொட்டு ரத்தத்தை அக்கி, எரிசெவ்வாப்பு போன்ற தோல் நோயின் மேல் தடவுவது பல இடங்களில் வழக்கம்.

உங்களுக்குத் தேவையான தீக்காயக் கியூரை ஒருவர் தானாகவே சம்பாதிக்கவும் முடியும். அயர்லாந்தில் ஒரு சிறிய பல்லி உண்டு, புல்வெளியில் ஓடும். அதைப் பிடித்து அதன் அடிவயிற்றை நாக்கால் நக்கியவரின் நாக்குக்கு வாழ்நாள் முழுவதும் தீப்புண்ணை ஆற்றும் சக்தி வந்துவிடும் என்பார்கள். பல்லி கிடைக்காத இடங்களில் குளத்தில் வாழும் நியூட் என்ற பிராணி. ஒரு சிறுவன் அதை நக்குகிற தைரியத்தைக் காட்டிவிட்டால், அறுபது வருடம் கழித்தும் ஊர்க்காரர்கள் சூடுபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனிடம்தான் வருவார்கள். நக்குவது பழைய வழக்கம். இன்றைக்கு நீங்கள் போகப்போகும் வீட்டில் பெரும்பாலும் ஒரு ஜெபமோ, வீட்டில் காய்ச்சிய களிம்போதான் இருக்கும். நாக்கு வடிவத்தில் நீளமாக இலை விடும் ஒரு பெரணியைக் கொழுப்பில் காய்ச்சித் தீக்காயத்துக்குத் தடவுவது பழைய களிம்புகளில் ஒன்று. ஐவி கொடியின் இலையையும் அப்படிக் காய்ச்சுவார்கள்.

காசும் நன்றியும் ஏன் கூடாது? கியூர் அவர் வழியாக வருகிறது, அவர் உண்டாக்கியது இல்லை என்பது இந்த மரபின் அடிப்படை. காசு வாங்கினால் அது போய்விடும். நன்றி சொன்னால் அவர் செய்ததாக ஆகிவிடும். அதனால் போகிறவர்கள் ஒரு டீ பாக்கெட், கொஞ்சம் கேக், அந்தக் காலத்தில் முட்டையோ புகையிலையோ, சமையல் மேஜையில் ‘மறந்து’ வைத்துவிட்டு வருவார்கள். பல கியூர்களுக்கு மூன்று முறை போக வேண்டும், அதுவும் திங்கள், வியாழன் என்று நாள் பார்த்து. முதியவர் இறப்பதற்கு முன் கியூரை அடுத்தவருக்குக் கொடுப்பார். சில வீடுகளில் ஆண் பெண்ணுக்கும், பெண் ஆணுக்கும் என்று மாற்றி மாற்றித்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் கொடுத்தவரிடம் அது இருக்காது.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1935-இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. அந்த ஆணையம் 1937 முதல் 1939 வரை ஒரு அபாரமான காரியம் செய்தது. தெற்கு அயர்லாந்தின் 26 மாவட்டங்களிலும் ஏறக்குறைய 5,000 தொடக்கப் பள்ளிகளில், பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட சுமார் 50,000 பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, “வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வா” என்றது. எழுதி வரச் சொன்ன தலைப்புகளில் ஒன்று ஊர்க் கைவைத்தியம். சேர்ந்தது ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள். இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கும் அந்தத் தொகுப்பை ‘டூகஸ்’ என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். இரவு வேலை முடிந்து வந்து அதில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கமே வராது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சாய்ந்த கையெழுத்தில், “என் பாட்டி சொன்னார்: பல்வலிக்கு ஒரு தவளை...” என்று தொடங்கும் பக்கங்கள் அவை.

அந்தப் பக்கங்களில் கக்குவான் இருமல் அடிக்கடி வரும். தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலம், கைக்குழந்தைகளைக் கொண்டுபோன நோய் அது. ஒரு அம்மா எதையெல்லாம் செய்து பார்த்திருப்பாள் என்று பாருங்கள். குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை, முதுகுக்கு மேல் மூன்று முறை கைமாற்றிக் கொடுப்பார்கள். கழுதையின் முதுகில் சிலுவைக் கோடு இருக்கிறது, இயேசுவைச் சுமந்த பிராணி என்பது காரணம். ஃபெரெட் என்ற கீரி போன்ற வளர்ப்புப் பிராணிக்குப் பால் வைத்து, அது குடித்து மீதி வைத்ததைக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். எனக்கு மனதில் நிற்பது இன்னொன்று. தெருவில் வெள்ளைக் குதிரையோ, இரு நிறம் கலந்த குதிரையோ ஏறி ஒருவர் வந்தால் ஓடிப்போய் நிறுத்தி, “கக்குவானுக்கு என்ன கியூர்?” என்று கேட்க வேண்டும். அவர் வாயில் என்ன வருகிறதோ அதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த மனிதருக்கு வைத்தியமே தெரிந்திருக்காது. நான் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட மாட்டேன். மூச்சு முட்டி நீலம் பாய்ந்த குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒரு தாய், கடைசியில் வழிப்போக்கனிடமாவது கேட்டுவிடுவோம் என்று தெருவுக்கு ஓடியதன் எச்சம் அது என்றே எனக்குப் படுகிறது. டாக்டர் இல்லாமல் இல்லை. 1851-இல் வந்த சட்டத்தின்படி ஏழைகளுக்கு இலவச மருத்துவம் பார்க்க வட்டாரம்தோறும் டிஸ்பென்சரிகள் இருந்தன. ஆனால் டாக்டரிடமும் கக்குவானுக்கு அன்று மருந்து இருக்கவில்லை.

மருக்களின் கதை வேறு. இதில் கியூர்கள் எண்ணி மாளாது. தேடாமல், தற்செயலாகக் கண்ணில் படும் பாறைக்குழித் தண்ணீரில் கையை நனைக்க வேண்டும்; தேடிப்போனால் பலிக்காது. பழைய மடாலய இடிபாடுகளில் கிண்ணம் போலக் குடையப்பட்ட ‘புல்லான்’ கற்கள் இதற்குப் பேர்போனவை. நத்தையை மருவில் தேய்த்து முள்ளில் குத்தி வைப்பார்கள், நத்தை காயக் காய மருவும் காயும். உருளைக்கிழங்குத் துண்டைத் தேய்த்து மண்ணில் புதைப்பதும் அதே கணக்கு. எத்தனை மருவோ அத்தனை கூழாங்கல்லைப் பொட்டலம் கட்டித் தெருவில் போட்டால், எடுத்தவரிடம் மரு போய்ச் சேர்ந்துவிடும். டேண்டலியன் செடியின் தண்டைக் கிள்ளினால் வரும் பாலைத் தடவுவது இவற்றில் சாதாரணமானது. கண்கட்டிக்கு நெல்லிக்காய் போன்ற கூஸ்பெர்ரிச் செடியின் முள் பத்து பறித்து, ஒன்பதைக் கட்டியை நோக்கிக் காட்டிவிட்டுப் பத்தாவதைத் தூர எறிய வேண்டும்.

இவை ‘பலித்ததற்கு’ விளக்கம் சுலபம். பெரும்பாலான மருக்கள் ஓரிரு வருடத்தில் தாமாகவே உதிர்ந்துவிடும். கண்கட்டி ஒரு வாரம் பத்து நாளில் உடைந்து ஆறும். நத்தையைக் குத்திவிட்டு மறந்துபோனவருக்கு ஒருநாள் கையைப் பார்த்தால் மரு இருக்காது. மற்றவர்மேல் தள்ளிவிடும் கூழாங்கல் வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. தெருவில் கிடக்கும் பொட்டலத்தைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள்.

இனி மூலிகைக்கு வருவோம். இது கியூரிலிருந்து தனி ஓடை. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், எல்லா வீட்டுக்கும் தெரியும். வசந்தம் தொடங்கியதும் மே மாதத்துக்குள் மூன்று முறையாவது நெட்டில் என்ற, தொட்டால் சுணைக்கும் செடியின் கொழுந்தைக் கீரையாக வேக வைத்துச் சாப்பிட்டுவிட வேண்டும். ரத்தம் சுத்தமாகும், வருடம் முழுக்க மூட்டுவலி அண்டாது என்பார்கள். குளிர்காலம் முழுக்கப் பச்சைக் கீரையே பார்க்காத உடம்புக்கு அது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. சளி இருமலுக்குக் கடற்கரைப் பாறையிலிருந்து பறித்துக் காயவைத்த கேரகீன் பாசியை ஊறவைத்துப் பாலில் கொதிக்க விடுவார்கள். கொழகொழவென்று வரும் அந்தப் பால் தொண்டையில் ஒரு படலமாக இறங்கும். இன்றும் மேற்குக் கடற்கரையில் கடைகளில் பாக்கெட் கிடைக்கும், வாங்கிப் பாருங்கள். வெங்காயத்தைப் பாலில் வேக வைத்துக் குடிப்பது, வாத்துக் கொழுப்பை நெஞ்சில் தேய்ப்பது, வறுத்த உப்பைக் காலுறையில் கொட்டித் தொண்டையைச் சுற்றிக் கட்டுவது, சூடான விஸ்கியில் கிராம்பு போட்டுக் குடிப்பது, இவையெல்லாம் உங்கள் முதியோர் இல்லத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சின்ன வெட்டுக்காயத்துக்கு வயல் வரப்பில் வளரும் ஒரு நீள இலைச் செடியை மென்று வைத்துக் கட்டுவார்கள். அதன் ஐரிஷ் பெயர் ‘ஸ்லான்லுஸ்’. குணமாக்கும் பூண்டு என்று பொருள். ரத்தம் நிற்காவிட்டால் சிலந்தி வலை. ஈரநிலத்தில் மணக்கும் வெள்ளைப் பூ மெடோஸ்வீட்டைக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொதிக்க வைத்தார்கள். அந்தப் பூவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தெடுத்த அமிலத்தின் வழிவந்ததுதான் இன்றைய ஆஸ்பிரின். 1899-இல் மருந்துக்குப் பெயர் வைத்தபோது அந்தச் செடியின் பழைய தாவரவியல் பெயரான ‘ஸ்பைரியா’விலிருந்து ‘ஸ்பிர்’ வந்து உட்கார்ந்தது. சதுப்பு நிலத்து ஸ்பாக்னம் பாசி தன் எடையைப் போல இருபது மடங்கு வரை ஈரத்தை உறிஞ்சும், இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ளது. முதல் உலகப் போரில் பஞ்சு கிடைக்காமல் போனபோது அயர்லாந்துச் சதுப்புகளிலிருந்து அதை மூட்டை மூட்டையாகப் பறித்து, டப்ளினில் சுத்தம் செய்து, ராணுவ மருத்துவமனைகளுக்குக் காயக்கட்டாக அனுப்பினார்கள்.

நீங்கள் இருக்கும் லீட்ரிமில் நிறையக் காணக் கிடைக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வயல் ஓரத்தில், ஓடைக்கரையில், புல் மூடிய சின்னக் கல்குடில் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். அது வியர்வை வீடு. சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த ‘டர்ஃப்’ எரித்து நாள் கணக்காக அதைச் சூடாக்குவார்கள். பிறகு நெருப்பையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளிவிட்டுத் தரையில் கோரைப்புல் பரப்பி, மூட்டுவலிக்காரர்கள் துணியில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்வார்கள். வேர்த்து வழிந்ததும் வெளியே வந்து ஓடையில் முங்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை புழக்கத்தில் இருந்தது. ஈரமும் குளிரும் எலும்புக்குள் இறங்கும் அந்த ஊரில் சூட்டைப் போல மூட்டுவலிக்கு இதம் தருவது வேறு எது? பக்கத்து ஸ்லைகோ மாவட்டத்தின் எனிஸ்க்ரோனில் 1912-இல் கட்டிய குளியல் வீடு ஒன்றில் இன்றும் சூடான கடல்நீரில் கடற்பாசி போட்டுக் குளிக்கலாம். விடுமுறை கிடைத்தால் போய்வாருங்கள்.

சில கியூர்களில் மருந்தும் இல்லை, நோயின் பெயரும் தெளிவாக இல்லை. கேவன், லீட்ரிம், லாங்ஃபோர்டு பகுதிகளில் ‘இருதயக் கியூர்’ என்று உண்டு. மனம் சோர்ந்து, சாப்பாடு இறங்காமல், காரணம் தெரியாமல் மெலிந்துபோகிறவருக்கு. கியூர் இருப்பவர் ஒரு கோப்பையில் ஓட்ஸ் மாவைத் தலைதட்டி நிரப்பி, துணியால் மூடி, ஜெபம் சொல்லிக்கொண்டே நெஞ்சிலும் விலாவிலும் முதுகிலும் அழுத்துவார். துணியைப் பிரித்தால் மாவு ஒரு பக்கம் குழிந்திருக்கும்; நோய் அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி வந்து, மாவு குறையாமல் இருக்கும்வரை செய்ய வேண்டும். மிஞ்சிய மாவில் ரொட்டி சுட்டு நோயாளி சாப்பிட வேண்டும். மாவு ஏன் குழிகிறது என்பதற்குப் பெரிய மர்மம் தேவையில்லை; அழுத்தினால் மாவு இறுகும். ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தோடு வந்தவரை ஒருவர் மூன்று நாள் உட்கார வைத்து, தொட்டு, ‘உன் இருதயம் சரியில்லை’ என்று ஊரறிய ஒப்புக்கொள்கிறாரே, அது சாதாரண விஷயமா?

பிரிஜிட் புனிதரின் துணி இன்னொன்று. ஜனவரி 31 இரவு ஒரு துணியை வாசல் புதரில் போட்டு வைப்பார்கள். அன்றிரவு பிரிஜிட் அந்த வழியாகப் போகும்போது தொட்டு ஆசீர்வதிப்பார். அதை வருடம் முழுக்க வைத்திருந்து தலைவலிக்குத் தலையில் கட்டுவார்கள், தொண்டைவலிக்குக் கழுத்தில் சுற்றுவார்கள், மாடு கன்று போடச் சிரமப்பட்டால் மாட்டின்மேலும் போடுவார்கள்.

இதில் எது உண்மையாக வேலை செய்தது என்று மருந்தாளுநராக என்னைக் கேட்பவர்களுக்கு நான் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்வேன். அயர்லாந்தை உலுக்கிய நோய் காசநோய். வீட்டில் இருந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். அதற்கு அவர்கள் நம்பியது மல்லின் என்ற உயரமான மஞ்சள் பூச் செடி. ஐரிஷில் ‘மரியாவின் மெழுகுத்திரி’. இலையைப் பாலில் காய்ச்சி வடிகட்டிக் குடிப்பார்கள். இதற்காகவே தோட்டத்தில் பயிரிட்டார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டப்ளின் மருந்துக்கடைகளில் விற்றார்கள். இலையில் உள்ள வழவழப்பு இருமலைத் தணிக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமியைக் கொன்ற முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்காவில், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்த நோயெல் பிரவுன் என்ற டாக்டர் 1948-இல் அயர்லாந்தின் சுகாதார அமைச்சராகி, காசநோய் மருத்துவமனைகளை வேகவேகமாகக் கட்டினார்.

அடுத்த செய்தி, எல்லைக்கு அந்தப் பக்கம், வட அயர்லாந்தின் ஃபெர்மானா மாவட்டத்தில் போஹோ என்ற சிற்றூர். அங்கே 1815-இல் இறந்த ஜேம்ஸ் மெக்கர் என்ற பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. தான் இறந்தபின் தன்மேல் கிடக்கும் மண் நோய் தீர்க்கும் என்று அவர் சொன்னதாக நம்பிக்கை. ஒரு கரண்டி மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துப்போய், தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நான்காம் நாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். பல்வலிக்கும் தொண்டைப் புண்ணுக்கும் காயங்களுக்கும் அந்த மண்தான். அந்த வட்டாரத்தில் வாழ்ந்த ஒரு ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. அந்த மண்ணில் அதுவரை அறியப்படாத ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை இருந்தது. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பல கிருமிகளை ஆய்வுக்கூடத் தட்டில் அது வளர விடவில்லை. காசநோய் மருந்தைக் கொடுத்த அதே குடும்பம்! இதைப் படித்த அன்று நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் தட்டில் நடந்தது வேறு, தலையணைக்கு அடியில் நடப்பது வேறு. திறந்த காயத்தில் கல்லறை மண்ணை வைத்தால் டெட்டனஸ் வரும் வாய்ப்பும் அதே மண்ணில் இருக்கிறது. சிலந்தி வலைக்கும் இதுவே பொருந்தும்.

உயிருக்கு உலை வைத்தவையும் உண்டு. ஃபாக்ஸ்குளோவ் என்ற ஊதாப்பூச் செடியை அயர்லாந்தில் தேவதைகளின் செடி என்பார்கள். மெலிந்துபோன பிள்ளையைத் தேவதைகள் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நம்பியவர்கள், அதன் சாற்றைக் கொடுத்திருக்கிறார்கள். இருதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது அது. 1895-இல் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற இளம்பெண் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தபோது, இவள் என் மனைவியே இல்லை, தேவதைகள் விட்டுச்சென்ற மாற்று என்று அவள் கணவன் முடிவுகட்டினான். பாலில் காய்ச்சிய மூலிகையை உறவினர்களே அவளைப் பிடித்துக்கொண்டு வலுக்கட்டாயமாகப் புகட்டினார்கள். கடைசியில் அவன் அவளை எரித்தே கொன்றான். அவனுக்கு 20 வருடத் தண்டனை கிடைத்தது. வைத்தியம் என்ற பெயரில் நடந்ததை அழகாக மட்டுமே பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. காம்ஃப்ரி என்ற செடிக்கு ஐரிஷில் ‘உடைந்த எலும்பின் பூண்டு’ என்று பெயர். சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். அதை டீயாகக் குடித்தால் ஈரல் கெடும். பூப்பதற்கு முன் அதன் இலையும் ஃபாக்ஸ்குளோவ் இலையும் ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் பறித்து விஷமானவர்கள் உண்டு. யாராவது வீட்டில் காய்ச்சிய பச்சை டீ கொடுத்தால், என்ன இலை என்று கேட்காமல் குடிக்காதீர்கள். மஞ்சள் காமாலைக்கு ரகசிய மூலிகைப் பாட்டில் கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை, அதில் மாற்றுப் பேச்சே இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போய்வாருங்கள். நீங்கள் போகும் வீட்டில் சமையலறையில் உட்கார வைப்பார்கள், டீ வரும், எந்த ஊர் என்று கேட்பார்கள். கையைப் பார்த்துவிட்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். களிம்பு கொடுத்தால் தோல் உடைந்த இடத்தில் போடாதீர்கள். எங்கள் கடைக்கு அக்கிக்கு மாத்திரை வாங்க வருபவர்களில் பலர், “கியூருக்கும் போய்வந்துவிட்டேன்” என்று சொல்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான், மாத்திரையை எப்போது தொடங்கினீர்கள் என்று. அக்கி கண்டு மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் அது நன்றாகக் கேட்கும். நன்றி சொல்லாமல் வெளியே வருவது நமக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு பாக்கெட் பிஸ்கட்டை மேஜையில் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். அந்த நோட்டுப் புத்தகங்களில் எழுதிய பிள்ளைகளில் யாராவது இருந்தால் இப்போது அவர்களுக்கு நூறு வயதிருக்கும். உங்கள் இல்லத்தில் இருப்பவர்கள் அவர்களுடைய தம்பி தங்கைகளாகவோ பிள்ளைகளாகவோ இருக்கலாம். டூகஸ் தளத்தில் மாவட்டம், ஊர், பள்ளிக்கூடம் என்று தேட முடியும். எங்கள் கடைக்கு வரும் ஒரு பாட்டியிடம் அவர் படித்த பள்ளியின் பெயரைக் கேட்டு, ஒரு மாலை கவுண்டரில் வைத்தே போனில் திறந்து காட்டினேன். மருவுக்குப் பாறைக்குழித் தண்ணீர் பற்றிய ஒரு பக்கம் வந்தது. கீழே இருந்த பெயரை அவர் விரலால் தொட்டார். அது அவருடைய மூத்த அக்காவின் கையெழுத்து. அந்தக் குழி எந்த வயலில் இருந்தது என்று அன்று எனக்கு வழி சொல்லிவிட்டுத்தான் போனார்.